ஜெல் மில்லர் ஸ்காலர்ஷிப் ஒன்பதாம் வகுப்பில் தொடங்குகிறது: ஜார்ஜியாவின் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். கம்மிங், ஆல்ஃபரெட்டா, ஜான்ஸ் கிரீக், சுவானி, மரியெட்டா என அட்லாண்டாவைச் சுற்றி எங்கே நம் குடும்பங்கள் கூடினாலும், பிள்ளை பத்தாம் வகுப்பைத் தாண்டியதும் பேச்சு கல்லூரிச் செலவில் வந்து நிற்கிறது. அந்தப் பேச்சு இரண்டு ஆண்டு தாமதமாகத் தொடங்குகிறது என்பதுதான் எங்கள் கவலை. ஜார்ஜியா மாநில அரசுப் பல்கலைக்கழகங்களில் வகுப்புக் கட்டணமான டியூஷனைக் கட்டாமலேயே நான்கு ஆண்டும் படிக்க வழி இருக்கிறது: ஹோப், ஜெல் மில்லர் என்ற இரண்டு மாநில ஸ்காலர்ஷிப்கள். குடும்ப வருமானம் எவ்வளவு என்று அதற்கு யாரும் கேட்பதில்லை. ஆனால் அந்தக் கணக்கு ஒன்பதாம் வகுப்பின் முதல் செமஸ்டரிலேயே தொடங்கிவிடுகிறது. கிடைத்ததைக் கல்லூரியின் முதல் ஆண்டிலேயே இழப்பதும் நடக்கிறது. இந்த இரண்டு இடங்களிலும் என்ன கவனிக்க வேண்டும் என்பதை எழுதுகிறோம். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் முதலில் படிக்க வேண்டும்.

ஹோப் ஸ்காலர்ஷிப் 1993இல், ஜெல் மில்லர் ஆளுநராக இருந்தபோது, மாநில லாட்டரி வருமானத்தைக் கொண்டு தொடங்கியது. ஆரம்பத்தில் இருந்த வருமான வரம்பை 1995இல் எடுத்துவிட்டார்கள். 2011இல் லாட்டரிப் பணம் செலவுக்கு ஈடுகொடுக்காதபோது ஹோப் தொகையைக் குறைத்து, அதற்கு மேல்படியாக முழு டியூஷன் தரும் ஜெல் மில்லர் ஸ்காலர்ஷிப்பைக் கொண்டுவந்தார்கள். ஹோப்புக்குப் பள்ளி மதிப்பெண் சராசரியான ஜிபிஏ 3.0 போதும். ஜெல் மில்லருக்கு 3.7 வேண்டும், கூடவே கல்லூரி நுழைவுத் தேர்வான எஸ்ஏடியில் 1200 அல்லது ஏசிடியில் 25 வேண்டும்.

2023 இலையுதிர் பருவத்திலிருந்து அரசுப் பல்கலைக்கழகங்களில் ஹோப்பும் முழு டியூஷனைத் தருகிறது. அப்படியானால் 3.7க்கு ஏன் மெனக்கெட வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். ஹோப் தொகை ஆண்டுதோறும் மாநில பட்ஜெட்டில் முடிவாவது. 2011இல் குறைந்தது மீண்டும் குறையாது என்று யாரும் உறுதி தர முடியாது. ஜெல் மில்லருக்கு முழு டியூஷன் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. அதோடு, கல்லூரியில் மதிப்பெண் சரிந்து ஜெல் மில்லரை இழப்பவர் 3.0க்கு மேல் இருந்தால் ஹோப்புக்கு இறங்கி நிற்கலாம். ஹோப்பில் தொடங்குபவருக்குக் கீழே வேறு படி இல்லை.

இனி 3.7 என்ற எண். வீட்டில் நீங்கள் பார்க்கும் ரிப்போர்ட் கார்டில் 4.1, 4.3 என்றெல்லாம் இருக்கும். அது உங்கள் கவுண்டிப் பள்ளி நிர்வாகம், கடினமான ஆனர்ஸ் வகுப்புகளுக்கும் கல்லூரித் தரத்து ஏபி வகுப்புகளுக்கும் கூடுதல் புள்ளி சேர்த்துப் போட்ட கணக்கு. ஸ்காலர்ஷிப்பை நடத்தும் மாநில மாணவர் நிதி ஆணையம் அந்தக் கூடுதல் புள்ளிகளைக் கழித்துவிட்டு, தானே புதிதாகக் கணக்கிடுகிறது. ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல், உலக மொழி ஆகிய ஐந்து பிரிவுகள் மட்டும்தான் அதில் சேரும். ஆர்கெஸ்ட்ரா, உடற்கல்வி, ஓவியம் போன்றவற்றில் வாங்கிய ஏ எதுவும் அங்கே கணக்கில் வராது. ஏ என்றால் 4, பி 3, சி 2. ஆனர்ஸ் வகுப்புக்கு எந்தச் சலுகையும் கிடையாது. ஏபி, அதே தரத்து ஐபி, பள்ளியில் இருந்தபடியே கல்லூரிப் பாடம் படிக்கும் டூயல் என்ரோல்மென்ட் வகுப்புகளில் பி, சி, டி வாங்கினால் மட்டும் 0.5 சேர்ப்பார்கள்; ஏ வாங்கினால் 4தான், அதற்கு மேல் போகாது.

இதை ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். நான்கு ஆண்டில் இந்த ஐந்து பிரிவுகளிலும் சேர்த்து ஒரு மாணவர் 18 முழு கிரெடிட், அதாவது 36 செமஸ்டர் மதிப்பெண்கள் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். 4.0இலிருந்து 3.7க்கு இறங்க இடம் 0.3, அதை 36ஆல் பெருக்கினால் 10.8. ஆனர்ஸிலோ சாதாரண வகுப்பிலோ வாங்கும் ஒரு பி இதில் 1 புள்ளியைத் தின்கிறது, ஏபியில் வாங்கும் பி அரைப் புள்ளியை. ஆக ஏபி அல்லாத வகுப்புகளில் 10 பி வரை தாங்கும், பதினொன்றாவது தாங்காது. ஒன்பதாம் வகுப்பில் புதுப் பள்ளிக்குப் பழகும்போதே நாலைந்து பி விழுந்துவிட்டால் பாதி இடம் போய்விட்டது என்று பொருள். பெற்றோர் பலர் ஒன்பதாம் வகுப்பைப் பழகும் ஆண்டாக நினைத்து விட்டுவிடுவது இங்கேதான் இடிக்கிறது. 3.69 வாங்கியவருக்கு ஜெல் மில்லர் கிடையாது.

இந்தக் கணக்கிலிருந்து இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. 89 வாங்கினாலும் 80 வாங்கினாலும் அது பிதான். 91 வாங்கினாலும் 99 வாங்கினாலும் ஏதான். எனவே செமஸ்டர் முடிய மூன்று வாரம் இருக்கையில் வரலாற்றில் 96, ஆனர்ஸ் வேதியியலில் 87 என்று நிற்கும் பிள்ளை தன் நேரத்தை வேதியியலில் போட வேண்டும். 96ஐ 98 ஆக்கச் சொல்லிப் பிள்ளையை விரட்டுவதில் பலன் இல்லை. அடுத்தது, ஏபி எடுத்தால் ஸ்காலர்ஷிப் போய்விடும் என்ற பயம் தேவையற்றது. ஆனர்ஸிலும் பிதான் வரும் என்று தெரிந்த பாடத்தில் ஏபி எடுத்துப் பி வாங்கினால் இழப்பு பாதியாகிறது. ஏபியில் சி வாங்கும் நிலை இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

கடினமான வகுப்புகள் 4 முழு கிரெடிட் இருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. உயர் கணிதம், வேதியியல், இயற்பியல், ஏபி என்று நம் பிள்ளைகள் வழக்கமாக எடுப்பதிலேயே அது நிறைந்துவிடும். எஸ்ஏடியைப் பதினோராம் வகுப்புக்குள் ஒருமுறை எழுதிவிடுவது நல்லது. யூஜிஏ என்று எல்லோரும் சொல்லும் ஏதென்ஸ் நகரத்து ஜார்ஜியா பல்கலைக்கழகமும் ஜார்ஜியா டெக்கும் சேர்க்கைக்கே அந்த மதிப்பெண்ணைக் கேட்கின்றன.

ஆணையம் கணக்கிட்ட ஜிபிஏ ஜிஏ ஃப்யூச்சர்ஸ் என்ற மாநிலத் தளத்தில் மாணவரின் கணக்கில் தெரியும். ஒன்பதாம் வகுப்பிலேயே கணக்குத் தொடங்குங்கள். நம் குடும்பங்களுக்கு ஒரு தனிச் சிக்கல் இங்கே வருகிறது. பள்ளி அனுப்பும் டிரான்ஸ்கிரிப்ட், மாணவரின் கணக்கு, மத்திய நிதியுதவி விண்ணப்பமான ஃபாஃப்சா மூன்றும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணாலும் பெயராலும்தான் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. பள்ளியில் சேர்க்கும்போது அந்த எண்ணைத் தர விருப்பமில்லை என்று ஒரு படிவத்தில் கையெழுத்திட்டுவிட்டு மறந்த பெற்றோர் உண்டு. அப்போது பள்ளி அனுப்பும் மதிப்பெண்கள் பிள்ளையின் கணக்கில் வந்து சேராது. பெயரில் இன்னும் சிக்கல். அப்பா பெயர் கடைசிப் பெயராக ஓர் ஆவணத்தில், இன்னொன்றில் முதல் பெயராக. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்ததால் விசாவில் முதல் பெயருக்குப் பதில் எஃப்என்யூ (முதல் பெயர் தெரியவில்லை) என்று விழுந்தது. பள்ளியில் வெறும் இனிஷியல். சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் உள்ளபடியே எல்லா இடத்திலும் பெயரைச் சரிசெய்யுங்கள். அட்டையிலேயே தவறு இருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள். இதைப் பன்னிரண்டாம் வகுப்பின் கடைசி மாதத்தில் செய்ய ஆரம்பித்தால் மூன்று அலுவலகங்களுக்கு நடுவே மாட்டிக்கொள்வீர்கள். பத்தாம் வகுப்பில் பள்ளிக் கவுன்சிலரிடம் ஒரு மின்னஞ்சல் போட்டாலே பாதி வேலை முடியும்.

வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்கான ஹெச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு இதை நேராகச் சொல்லிவிடுகிறோம். ஹோப், ஜெல் மில்லர் இரண்டுக்கும் அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டு போன்ற தகுதியோ வேண்டும். ஹெச்-4 போதாது; ஃபாஃப்சா வழி வரும் மத்திய உதவியும் கிடையாது. உள்மாநிலக் கட்டணம் என்பது தனிக் கேள்வி. அதை ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் ரெசிடென்சி அலுவலகமும் விசா வகை, ஜார்ஜியாவில் தங்கிய காலம், வரி ஆவணங்கள் ஆகியவற்றைப் பார்த்து முடிவு செய்கிறது. சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே அந்த அலுவலகத்துக்கு எழுதி, பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஹெச்-4 முடிந்துபோகும் 21 வயது பிள்ளைக்கு ஆகும் தேதியையும், கிரீன் கார்டு வரிசையில் உங்கள் இடத்தைக் குறிக்கும் பிரயாரிட்டி தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்: மூன்றாம் ஆண்டில் மாணவர் விசாவான எஃப்-1க்கு மாற நேர்ந்தால் உள்மாநிலக் கட்டணம் பறிபோகலாம், அந்த ஆண்டு டியூஷன் இரண்டு மடங்குக்கும் மேல் ஏறலாம். பல்கலைக்கழகங்கள் தாமே தரும் மெரிட் உதவிகளில் குடியுரிமை நிபந்தனை இல்லாதவை உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள ஆண் பிள்ளைகள் 18 வயதில் செலக்டிவ் சர்வீஸ் என்ற ராணுவப் பதிவேட்டில் பதிவு செய்திருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் மற்றத் தகுதியெல்லாம் இருந்தும் ஹோப் நிற்கும்.

சரி, ஸ்காலர்ஷிப் கிடைத்துவிட்டது. எது மிச்சம்? நான்கு ஆண்டும் இலவசம் என்று நினைத்துக்கொள்ளும் குடும்பங்கள் முதல் பில்லைப் பார்த்து அதிர்கின்றன. யூஜிஏவில் உள்மாநில டியூஷன் ஆண்டுக்குச் சுமார் 10,000 டாலர். ஸ்காலர்ஷிப் கட்டுவது அது ஒன்றைத்தான். எல்லா மாணவரும் கட்டவேண்டிய ஃபீஸ் சுமார் 1,400 டாலர், விடுதியும் சாப்பாடும் 12,000 டாலருக்குக் குறையாது, அதன்மேல் புத்தகம், போக்குவரத்து. 2011க்கு முன் ஹோப்பில் புத்தகப் படி இருந்தது, இப்போது இல்லை. எல்லாம் சேர்த்தால் முழு டியூஷன் கிடைத்த பிறகும் ஆண்டுக்கு 15,000 டாலருக்கு மேல் உங்கள் கையிலிருந்து போகும். நான்கு ஆண்டுக்கு 60,000. யூஜிஏவில் முதலாண்டு மாணவர் வளாகத்திலேயே தங்க வேண்டும் என்ற விதி இருப்பதால் அந்தச் செலவைத் தவிர்ப்பதும் கடினம். அட்லாண்டாவின் ஜார்ஜியா ஸ்டேட், கென்னசா ஸ்டேட், வடக்கு ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் கம்மிங் வளாகம் ஆகியவற்றில் வீட்டிலிருந்தே போய்வரலாம். அங்கே செலவு ஃபீஸ், புத்தகம், பெட்ரோல் என்ற அளவுக்கு இறங்கிவிடும். அவற்றைக் குறைவாகப் பேசும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. கணக்கியல், நர்சிங், கணினி போன்ற துறைகளில் வீட்டிலிருந்து படித்துக் கடனில்லாமல் வெளியே வருவது நல்ல முடிவு. அதற்காக எந்தப் பெற்றோரும் யாரிடமும் சமாதானம் சொல்ல வேண்டியதில்லை.

இந்த மிச்சத்துக்கு, கல்விச் செலவுக்கான 529 என்ற வரிச் சலுகைச் சேமிப்புக் கணக்கு பொருந்துகிறது. ஜார்ஜியாவின் பாத்2காலேஜ் திட்டத்தில் போட்டால், சேர்ந்து வரி தாக்கல் செய்யும் தம்பதிக்கு ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 8,000 டாலர் வரை மாநில வருமானத்தில் கழிவு உண்டு. பாதி நேரமாவது படிக்கும் மாணவரின் வாடகை, சாப்பாட்டுக்கு 529 பணத்தை எடுக்கலாம்; பல்கலைக்கழகம் வெளியிடும் அளவைத் தாண்டக் கூடாது. பிள்ளைக்கு ஸ்காலர்ஷிப் வந்துவிட்டால் சேமிப்பு வீணாகுமே என்ற தயக்கமும் வேண்டாம். வரியில்லாத ஸ்காலர்ஷிப் தொகைக்குச் சமமாக 529இலிருந்து எடுத்தால் 10 சதவீத அபராதம் இல்லை, வளர்ச்சிப் பகுதிக்கு வருமான வரி மட்டும்தான். கணக்குக்கு 15 ஆண்டு ஆகியிருந்தால், 2024 முதல், வாழ்நாளில் 35,000 டாலர் வரை பிள்ளையின் ராத் ஐஆர்ஏ என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்குக்கு மாற்றவும் வழி வந்திருக்கிறது. ஆண்டு வரம்பு உண்டு.

ஃபீஸையும் புத்தகத்தையும் மட்டும் 529இலிருந்து எடுக்காமல் கையிலிருந்து கட்டிப் பாருங்கள். அமெரிக்கன் ஆப்பர்ச்சூனிட்டி வரிச் சலுகை முதல் 2,000 டாலர் செலவை முழுதாகவும், அடுத்த 2,000க்குக் கால் பங்கையும் வரியில் திருப்பித் தருகிறது. ஒரே செலவுக்கு 529ஐயும் இந்தச் சலுகையையும் சேர்த்துக் காட்டக் கூடாது. தம்பதியின் வருமானம் 160,000 டாலரைத் தாண்டினால் சலுகை குறையத் தொடங்கி 180,000இல் நின்றுவிடும். இருவரும் ஐடியில் இருக்கும் குடும்பங்களுக்குப் பெரும்பாலும் கிடைக்காது.

இப்போது எங்களை அதிகம் வருத்தும் பகுதிக்கு வருகிறோம். ஜெல் மில்லரைக் கல்லூரியில் தக்கவைக்க 3.3 வேண்டும், ஹோப்புக்கு 3.0. முயன்ற கிரெடிட் மணிகள் (பதிவு செய்து எடுத்த வகுப்புகளின் மணிகள்) 30, 60, 90ஐத் தொடும்போதும் ஒவ்வொரு வசந்த பருவத்தின் முடிவிலும் பார்ப்பார்கள். ஒருமுறை இழந்தால் 30, 60, 90 என்ற படிகளில்தான் திரும்பப் பெற முடியும். இரண்டாம் முறை இழந்தால் நிரந்தரமாகப் போய்விடும். ஒரு பாடத்தில் சறுக்கி மறுபடி எடுத்தால் பழைய மதிப்பெண்ணும் கணக்கில் நிற்கும். கோடையில் வேறு கல்லூரியில் எடுத்த வகுப்பும் சேரும்.

30 மணியில் 3.3 என்றால் இழக்க இடம் 0.7 பெருக்கல் 30, அதாவது 21 புள்ளி. நாலு மணி வகுப்பில் ஒரே ஒரு எஃப் வந்தால் அதிலேயே 16 போய்விடும். சி வந்தால் 8. ஆணையம் ஏற்றுக்கொண்ட அறிவியல், கணித, பொறியியல் வகுப்புகளில் பி, சி, டிக்கு 0.5 சேர்ப்பார்கள், அங்கே சி 6ஐத் தின்னும், எஃப்புக்குச் சலுகை இல்லை. எந்த வகுப்புக்கு இந்தச் சலுகை என்று ஜிஏ ஃப்யூச்சர்ஸில் பட்டியல் இருக்கிறது. பதிவு செய்யும் முன் பிள்ளையை அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் இதில் மாட்டுவதற்கு ஒரு குறிப்பான காரணம் உண்டு. பள்ளியில் ஏபி, டூயல் என்ரோல்மென்டில் சேர்த்த கிரெடிட்கள் இந்த 30 மணியில் சேராது. கல்லூரி எண்ணிக்கை பூஜ்யத்தில்தான் தொடங்கும். எட்டு ஏபியோடு உள்ளே போகும் மாணவர் ஆரம்ப வகுப்புகளையெல்லாம் தாண்டி, முதல் செமஸ்டரிலேயே பன்மாறிக் கால்குலஸ், ஆர்கானிக் வேதியியல், டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் என்று ஒரே மூச்சில் எடுத்துவிடுகிறார். எளிதில் ஏ தரும் வகுப்புகள் அந்த 30 மணியில் இருப்பதே இல்லை. முதல் இரண்டு செமஸ்டரில் கடினமான வகுப்பு இரண்டுக்கு மேல் வேண்டாம். மிச்சத்தை வரலாறு, எழுத்து, உலக மொழி போன்றவற்றால் நிரப்பச் சொல்லுங்கள். முதன்மைத் துறையான மேஜருக்குத் தேவையான பாடத்தில் ஏபியில் 4 வாங்கியும் அடித்தளம் ஆட்டம் காண்கிறது என்றால், அந்த கிரெடிட்டை ஏற்காமல் கல்லூரியில் முதலிலிருந்து எடுப்பதும் பயனுள்ள வழி.

வகுப்பைப் பாதியில் விட்டால் விழும் டபிள்யூ ஜிபிஏவைக் குறைக்காது. ஆனால் முயன்ற மணியில் சேரும், ஸ்காலர்ஷிப்பின் மொத்த வரம்பான 127 மணியிலும் கழியும். எஃப்பா டபிள்யூவா என்றால் டபிள்யூவே மேல். கைவிட வேண்டியதை முதல் வாரச் சேர்ப்பு-நீக்கக் காலத்திலேயே கைவிட்டால் எதுவும் பதியாது. பருவத்துக்கு 15 மணிவரை, மணிக்கணக்கில்தான் பணம் வரும் என்பதையும் நினைவில் வையுங்கள். முழுநேர மாணவரிடம் ஒரே தொகையாக டியூஷன் வாங்கும் பல்கலைக்கழகங்களில் 12 மணி மட்டும் எடுத்தால் முழுக் கட்டணம் வரும், ஸ்காலர்ஷிப் 12 மணிக்கே வரும். மீதி பில் உங்களுக்கு.

பிள்ளையின் கல்லூரி மதிப்பெண்ணை நீங்கள் பார்க்க அவர் அனுமதி தர வேண்டும். சண்டையில்லாமல், ஆகஸ்டிலேயே பேசி ஓர் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்: இடைத்தேர்வு முடிந்ததும் எண்களை அவரே சொல்லட்டும். டிசம்பரில் தெரிந்தால் வசந்தத்தில் சரிசெய்யலாம், மே மாதத்தில் தெரிந்தால் முடியாது.

வெளிமாநிலம் பற்றி ஒரு வார்த்தை. கணினித் துறைக்காகப் பர்டூ, இல்லினாய் என்று பார்க்கிறீர்கள். பர்டூ 2013 முதல் டியூஷனை ஏற்றவில்லை; அப்படியும் வெளிமாநில மாணவருக்கு டியூஷனும் ஃபீஸும் ஆண்டுக்கு 28,000 டாலருக்கு மேல். ஜார்ஜியா டெக்கில் இடம் கிடைத்த பிள்ளைக்கு அந்த வித்தியாசத்தைக் கொடுக்கக் காரணம் எங்களுக்குத் தெரியவில்லை. டெக் கிடைக்காவிட்டாலும், மாநிலத்துக்குள் ஓராண்டு படித்து டெக்குக்கு மாறும் வழிகள் இருக்கின்றன. அந்த ஆண்டும் ஜெல் மில்லர் கூடவே வரும். 1912இலிருந்து டெக் நடத்தும் கோ-ஆப் திட்டத்தில் சம்பளத்தோடு வேலை செய்யும் பருவங்கள் விடுதிச் செலவில் ஒரு பங்கைத் தாங்கும்.

பன்னிரண்டாம் வகுப்பில் இருப்பவர்கள் கவனிக்க: யூஜிஏவின் முன்கூட்டிய விண்ணப்ப முறையான எர்லி ஆக்‌ஷனுக்கும், ஜார்ஜியா மாணவர்களுக்கான டெக்கின் முதல் எர்லி ஆக்‌ஷனுக்கும் கடைசி நாள் அக்டோபர் நடுவில். யூஜிஏவின் ஃபவுண்டேஷன் ஃபெலோஷிப், டெக்கின் ஸ்டாம்ப்ஸ் பிரசிடென்ட்ஸ் போன்ற பெரிய மெரிட் உதவிகள் விடுதிச் செலவையும் தாங்கக்கூடியவை. அவற்றுக்கு இந்தத் தேதியைத் தவற விடக் கூடாது. கிடைப்பவர் மிகச் சிலரே என்பதால் பட்ஜெட்டை அதை நம்பிப் போடாதீர்கள். ஃபாஃப்சாவை வருமானம் அதிகம் என்று விட்டுவிடாமல் ஒவ்வோர் ஆண்டும் நிரப்புங்கள். ஹோப்புக்கான விண்ணப்பமாகவும் அது போதும். முதலாண்டு மாணவர் தன் பெயரில் 5,500 டாலர் வரை மத்தியக் கடன் வாங்கவும் அது தேவை. ஹெச்-4இல் உள்ள அம்மாவுக்கோ அப்பாவுக்கோ சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாவிட்டாலும் ஃபாஃப்சா கணக்கு திறக்கலாம். பிள்ளைக்குக் குடியுரிமை இருந்தால் அதுவே போதும்.

மற்றவர்கள் இந்த வாரம் ஜிஏ ஃப்யூச்சர்ஸில் பிள்ளையோடு உட்கார்ந்து, ஹோப் ஜிபிஏ என்ற எண் தெரிகிறதா, பெயரும் பிறந்த தேதியும் சரியா, முடிந்த செமஸ்டரின் ஐந்து பிரிவு வகுப்புகளும் வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஏதாவது விட்டிருந்தால் பள்ளிக் கவுன்சிலரிடம் டிரான்ஸ்கிரிப்டை மறுபடி அனுப்பச் சொல்லுங்கள்.

அக்கறையுடன்,
ஜார்ஜியாவில் கல்லூரிச் செலவு பற்றித் தமிழ்க் குடும்பங்களுக்கு வழிகாட்டும் தன்னார்வலர்கள்